பத்துத் தவணையும் பன்னிரண்டு மாதமும்

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் உள்வாரியாகப் படிப்பவர்கள் கல்விக் கட்டணம் கட்டுவதில்லை. ஆனாலும் பசறையிலோ லுணுகலையிலோ ஒரு தோட்டத்து வீட்டில், பிள்ளைக்குக் கெம்பஸ் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்த அன்றிரவே செலவுக் கணக்கும் தொடங்கிவிடுகிறது. பஸ் காசு, போடிங் முற்பணம், மெத்தை, நாலு உடுப்பு, ஒரு நல்ல செருப்பு, கைபேசிக்கு டேட்டா, முடிந்தால் பழைய மடிகணினி ஒன்று. படிப்பு இலவசம்தான். படிக்கப் போகும் இடத்தில் உயிர் வாழ்வது இலவசமில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே மகாபொல புலமைப்பரிசிலும், பர்சரி எனப்படும் மாணவர் உதவுதொகையும் இருக்கின்றன. ஊவா மாகாணத்துத் தோட்டங்களிலிருந்து போகும் பிள்ளைகளுக்கு இவை எந்த அளவுக்குக் கைகொடுக்கின்றன, எங்கே கைவிடுகின்றன என்பதைத்தான் இங்கே எடைபோட வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம், ஏனென்றால் சொல்ல நிறையவே இருக்கிறது.

லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்தபோது உருவான மகாபொல நிதியம், 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் நிலைபெற்றது. அபிவிருத்தி லொத்தர் சபையின் இலாபத்தில் பாதி இதற்குப் போகிறது. அரசாங்கங்கள் மாறின, போர் வந்து போனது, 2022இல் நாடே வங்குரோத்தானது. இத்தனைக்கும் நடுவில் இந்தத் திட்டம் நின்றுவிடவில்லை. கொடுக்கும் முறையிலும் ஒரு கண்ணியம் உண்டு. இது கடன் இல்லை, திருப்பிக் கட்டத் தேவையில்லை. பணம் மாணவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே போகிறது. தோட்டத்தில் எதற்கெடுத்தாலும் ஒரு தலைவரின் சிபாரிசுக் கடிதம் தேடிப் பழகிய சமூகத்துக்கு, யாரிடமும் போய் நிற்காமல் தன் பரீட்சைப் பெறுபேற்றையும் வீட்டு வருமானத்தையும் மட்டும் காட்டி ஒரு பிள்ளை பெறும் பணம் என்பது சிறிய விஷயமில்லை. திறமைக்கு ஒரு பங்கு, தேவைக்கு ஒரு பங்கு என்று இரண்டையும் கணக்கில் எடுப்பதும் நியாயமான ஏற்பாடு. திறமைப் பிரிவிலும் சாதாரணப் பிரிவிலும் கிடைக்கும் தொகைகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் இல்லாததால், வாங்குபவர்கள் மேல் கீழ் என்று பிரிந்து நிற்பதும் இல்லை.

தொகையும் அண்மையில் உயர்ந்தது. ஏறக்குறைய பத்தாண்டாக 5,000 ரூபாயில் நின்ற மகாபொல, 2025 வரவுசெலவுத் திட்டத்தின்படி அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து 7,500 ரூபாயானது. 4,000 ரூபாயாக இருந்த உதவுதொகை 6,500 ஆனது. இடைப்பட்ட காலத்தில் நடந்ததை நினைத்துப் பார்த்தால் இந்த உயர்வு எவ்வளவு பிந்தி வந்தது என்பது தெரியும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் முந்தைய ஆண்டைவிட 69.8 சதவீதம் ஏறியிருந்தது. உணவுப் பொருள்களின் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பாகியிருந்தது. அந்த நாட்களிலும் மாணவரின் கணக்கில் விழுந்தது அதே 5,000தான்.

ஆனால் குறை தொகையில் மட்டும் இருந்தால் அதைச் சரிசெய்வது எளிது. நிதியமைச்சர் ஒருவர் ஒரு வரி வாசித்தால் போதும். பெரிய குறை, பணம் எந்த மாதங்களில் வருகிறது, எந்த மாதங்களில் வருவதில்லை என்பதில் இருக்கிறது. மகாபொல ஒரு கல்வியாண்டுக்குப் பத்துத் தவணை. பன்னிரண்டு மாதத்துக்கும் கிடையாது. ஒவ்வொரு தவணைக்கும் மாணவரின் வரவு 80 சதவீதம் இருந்ததாகப் பீடம் உறுதிசெய்ய வேண்டும். விரிவுரை நடந்தால் பணம், கதவு மூடினால் பணமில்லை என்பதுதான் இதன் அடிப்படை. விடுமுறையில் பிள்ளை வீட்டில் இருக்கும், வீட்டில் இருந்தால் செலவில்லை என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருக்கிறது. மாதச் சம்பளம் வாங்கும் வீட்டுக்கு அது பொருந்தலாம். நாட்சம்பள வீட்டுக்குப் பொருந்தாது. அங்கே வளர்ந்த பிள்ளை இரண்டு மாதம் வீட்டில் இருப்பது என்றால், அரிசிப் பானைக்கு ஒரு பங்கு கூடுகிறது, பேர் போட, அதாவது நாட்சம்பளத்துக்கு வேலை செய்ய, ஓர் ஆள் கூடவில்லை என்று பொருள்.

விடுமுறை சும்மா இருக்கும் காலமும் இல்லை. ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளலாம். பசறைப் பக்கத்துத் தோட்டம், தமிழ்மொழி மூலம், கலைப் பிரிவு. பசறையிலிருந்து பதுளைக்குப் போகும் பாதையில்தான் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. 2005இல் தொடங்கியது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே தனிப் பட்டப்படிப்பு வைத்திருக்கிறது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவள் அதைப் பார்க்கலாம், ஆனால் அங்கே படிக்க முடியாது. அங்கே கலைப்பீடம் இல்லை, பாடமெல்லாம் ஆங்கிலத்தில். ஆகவே அவளுக்குக் கிடைப்பது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், இல்லையென்றால் வந்தாறுமூலை, ஒலுவில், பேராதனை. ஊருக்கு வந்து போவதே ஒரு செலவு. விடுமுறைக்கு வராமல் அங்கேயே தங்கினால் போடிங் வாடகை. வந்தால், அடுத்த செமெஸ்டருக்கு முன் ஆங்கிலத்தையும் கணினியையும் கொஞ்சம் தேற்றிக்கொள்ளப் பதுளையிலோ பண்டாரவளையிலோ ஒரு வகுப்பு. பாடநெறியில் தொழிற்பயிற்சி உள்ளவர்களுக்கு, அந்த மாதங்கள் பெரும்பாலும் கொழும்பில். பட்டத்தை வேலையாக மாற்றித் தரும் திறமைகளில் பாதி, விரிவுரை இல்லாத மாதங்களில்தான் வந்து சேர்கிறது. மகாபொல காசு அந்த மாதங்களில்தான் வருவதில்லை.

இன்னும் கடினமான காலம் ஒன்று உண்டு. அது கெம்பஸ் போவதற்கு முந்திய காலம். உயர்தரப் பரீட்சை எழுதிப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வெளியாகி, பதிவுக்கு அழைப்பு வந்து சேரும்வரை ஓர் ஆண்டுக்குக் குறையாத காத்திருப்பு. கொரோனாவுக்குப் பிறகு பரீட்சைகள் பிந்தியதால் அது இன்னும் நீண்டது. 2022க்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. இந்த இடைக்காலத்தில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஆங்கில வகுப்புக்கும் கணக்கியல் படிப்புக்கும் போகிறார்கள். தோட்டத்துப் பிள்ளை கொழும்பில் துணிக்கடைக்கோ சாப்பாட்டுக்கடைக்கோ போகிறது. அங்கே கையில் காசு புழங்கத் தொடங்கியபின், கெம்பஸ் கடிதம் வந்தும் திரும்பிப் போகத் தயங்கும் இளைஞர்களை எந்தத் தோட்டத்திலும் சந்திக்கலாம். பதிவு முடிந்தபின்னும் முதல் தவணை உடனே வருவதில்லை. விண்ணப்பம், கிராம அலுவலரின் கையொப்பம், பிரதேச செயலகத்தின் உறுதி, தெரிவுப் பட்டியல், வங்கிக் கணக்கு, பிறகு வரவுச் சான்று என்று மாதங்கள் ஓடும். ஆங்கிலத் தீவிர வகுப்பு, புகுமுக நிகழ்ச்சி, முதல் செமெஸ்டர் எல்லாம் அதற்குள் நடந்துவிடும். செலவு மிக அதிகமான மாதங்களில் உதவி பூச்சியம்.

அந்த மாதங்களை வீடு எப்படித் தாண்டுகிறது என்று பார்த்தால், உதவித் திட்டத்தின் உண்மையான பங்காளிகள் யார் என்று தெரியும். அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போகிறது. சீட்டு முன்கூட்டியே, தள்ளுக்கழிவோடு எடுக்கப்படுகிறது. தீபாவளி அட்வான்ஸ் திருநாளுக்கு முன்பே பேசி முடிக்கப்படுகிறது. அக்கா வேலைக்குப் போன வீட்டு எஜமானியிடம் ஒரு மாதச் சம்பளம் முன்பணமாகக் கேட்கப்படுகிறது. பிறகு மகாபொல வரும்போது அதில் ஒரு பகுதி, சாப்பாட்டுக்குப் போகுமுன் வட்டிக்குப் போகிறது. வேலைக்காரர் தம் சேமலாப நிதியில் 30 சதவீதத்தை வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் முன்கூட்டிப் பெற வழியுண்டு. பிள்ளையின் படிப்புக்கு அந்த வழி கிடையாது. இருபது வருடம் கொழுந்து பறித்துச் சேர்த்த பணம் நிதியத்தில் கிடக்க, தாய் அடகுக்கடை வாசலில் நிற்கிறார்.

அடுத்தது வருமானச் சான்று. மகாபொலவுக்கான குடும்ப வருமான உச்சவரம்பு பல ஆண்டுகளாக ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் என்ற அளவில் இருந்தது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350. 2026க்கான வரவுசெலவுத் திட்டம் அடிப்படையை 1,550 ஆக்கி, வருகைக் கொடுப்பனவாக அரசு தரும் 200 ரூபாயையும் சேர்த்து 1,750 என்றது. வரவேற்க வேண்டிய உயர்வுதான். ஆனால் 1,350 வீதம் மாதம் 25 நாள் என்று கணக்குப் போட்டாலே ஒருவருக்கு ஆண்டுக்கு 4,05,000 ரூபாய். தாயும் தந்தையும் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், இருந்தால் 8,10,000. 1,750 வீதம் என்றால் ஒருவரின் வருமானமே 5,25,000. அந்த வரம்பு நகராமல் இருந்தால், தாளில் பார்க்கும் யாருக்கும் இந்தக் குடும்பம் வசதியானது. நிஜத்தில் மாதம் 25 நாள் வேலை எல்லாத் தோட்டத்திலும் கிடைப்பதில்லை. குறித்த கிலோ பறிக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். சம்பளத் துண்டில் மொத்தத் தொகை ஒன்று, சந்தாவும் அட்வான்ஸும் கடனும் கழிந்து கைக்கு வருவது வேறொன்று. ஊழியரின் சம்பளத்தை மறைக்க முடியாது, அது கம்பனியின் பதிவேட்டில் இருக்கிறது. நகரத்தில் கடை வைத்திருப்பவரின் வருமானமோ அவரே சொல்வதுதான். நேர்மையான பதிவு உள்ளவரையே அதிகம் இறுக்கும் அளவுகோல் இது.

தோட்ட முகவரியும் பல காலம் ஒரு தடையாக இருந்தது. லயன் வீட்டுக்குத் தனி இலக்கமில்லை, கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து அங்கிருந்து வீட்டுக்குப் போக வேண்டும். பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் வேலைசெய்யவே 2018இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. இன்று பல விண்ணப்பங்கள் இணையத்தில் வந்துவிட்டதால் இந்தத் தடை குறைந்திருக்கிறது. அதற்குப் பதிலாகச் சிக்னல் இல்லாத குறை வந்து நிற்கிறது. 2021இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது, பதுளை மாவட்டத்தின் பொகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் ஆசிரியையோடு காட்டுப் பாதையில் மலையேறி, சிக்னல் கிடைத்த பாறையடியில் பாடம் படித்த படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. வகுப்பறைக்கு வெளியே நடக்கும் வகுப்புக்குச் செலவில்லை என்று நினைப்பவர்களுக்கு அந்தப் படங்களே பதில்.

மகாபொலவின் வட்டத்துக்கே வெளியில் நிற்பவர்கள் இன்னொரு தொகுதி. திறந்த பல்கலைக்கழகத்தில் படிப்போருக்கும் வெளிவாரிப் பட்டதாரி மாணவருக்கும் அது கிடையாது. மலையகத்தில் இந்த விலக்கு எவரைத் தொடுகிறது என்பதற்கு ஆசிரிய உதவியாளர்களின் கதை போதும். 2015ஐ ஒட்டித் தோட்டப் பாடசாலைகளுக்கு 3,000 அளவில் சேர்க்கப்பட்ட இவர்களுக்கு முதலில் தரப்பட்டது மாதம் 6,000 ரூபாய், பின்னர் 10,000. நிரந்தர ஆசிரியராக வேண்டுமானால் பயிற்சியோ பட்டமோ முடிக்க வேண்டியிருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம், சனி ஞாயிறும் பாடசாலை விடுமுறையும் தமக்குப் பாடம். கட்டணம், பயணம், கையேடு எல்லாம் அந்தப் பத்தாயிரத்துக்குள். விடுமுறைப் படிப்பு என்பது மலையகத்தில் மிக உயிர்ப்பாக நடந்தது இவர்களிடம்தான். அவர்களுக்கு ஒரு ரூபாய் புலமைப்பரிசிலும் கிடைக்கவில்லை. அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்காக 2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் திட்டம் தனியார் நிறுவனப் பட்டங்களுக்கு வழி திறந்தது. ஆனால் ஏற்கனவே கடனில் நிற்கும் வீடு, பிள்ளையின் பெயரில் பல இலட்சத்துக்குக் கையெழுத்திட எளிதில் துணிவதில்லை. அந்தத் தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

இந்திய உயர்ஸ்தானிகராலயம் நடத்தும் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளியின் பிள்ளை என்பதையே தகுதியாக வைத்தது அதன் பலம். தேசியத் திட்டங்கள் பார்க்காத ஒரு சமூகத்தை அது பெயர் சொல்லிப் பார்த்தது, உயர்தரம் படிக்கும் காலத்திலேயே கைநீட்டியது. ஆனால் அந்தத் தகுதியே இன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. தந்தை கொழும்பில் கட்டட வேலை, தாய் மத்திய கிழக்கில், பிள்ளை பாட்டியோடு லயத்தில் என்ற குடும்பங்கள் ஹப்புத்தளையிலும் நமுனுகுலையிலும் பெருகிவிட்டன. வாழ்வது தோட்டத்தில், பெயர் செக்ரோலில் இல்லை. வறுமை அப்படியே இருக்க, அதை நிரூபிக்கும் தாள் கைநழுவிப் போகிறது.

வெளியில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பது பயன் தரும். அமெரிக்காவில் பெல் மானியம் என்ற அரச உதவியும் வழமையான இரு பருவங்களையே கணக்கில் வைத்திருந்தது. கோடைக்கால வகுப்புக்கும் சேர்த்து ஓராண்டில் இரண்டு மானியம் வரை பெறலாம் என்று 2009இல் கதவைத் திறந்தார்கள். செலவு கூடியதால் 2011இல் மூடினார்கள். 2017இல் ஒன்றரை மடங்கு வரை என்று மீண்டும் திறந்தார்கள். இதில் இரண்டு பாடங்கள் உண்டு. விடுமுறையிலும் படிப்பு நடக்கிறது என்பதை ஓர் உதவித் திட்டம் ஏற்றுக்கொள்ள முடியும் என்பது ஒன்று. நிதி ஆதாரம் உறுதியில்லாமல் தொடங்கினால் நடுவழியில் நின்றுபோகும் என்பது இன்னொன்று. தமிழ்நாட்டில் 2022 செப்டெம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாயைப் படிப்பு முடியும்வரை தருகின்றன. தொகை பெரிதில்லை. ஆனால் தகுதியை அவர்கள் முடிவுசெய்த விதம் கவனிக்கத்தக்கது. வருமானச் சான்று கேட்கவில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாயா என்றுதான் கேட்டார்கள்.

அந்தக் கேள்வியை ஊவாவுக்குத் தக்கபடி கேட்கலாம். பதுளை, மொனராகலை இரண்டும் பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கியவை என்று அரசே ஏற்றுக்கொண்ட 16 மாவட்டங்களில் அடங்கும். 5 சதவீத மேலதிக ஒதுக்கீடு அதற்காகவே தரப்படுகிறது. உள்ளே எடுக்கும்போது பிறந்த இடத்தின் குறையை ஏற்றுக்கொள்ளும் அரசு, உள்ளே வந்தபின் பணம் கொடுக்கும்போது அதை மறந்துவிடுகிறது. எந்தெந்தப் பாடசாலைகள் பெருந்தோட்டப் பாடசாலைகள் என்பது கல்வி அமைச்சின் பட்டியலில் இருக்கிறது. அங்கே ஐந்தாண்டு படித்த பிள்ளைக்கு வருமானச் சான்று இல்லாமலே உதவி என்று ஒரு விதி வந்தால், கிராம அலுவலரின் அலுவலகம், தோட்டக் காரியாலயம், பிரதேச செயலகம் என்று மூன்று வாசல் ஏறி இறங்கும் வேலை ஒழியும். தாய் அந்த நாட்களில் பேர் போடலாம். தோட்டத்தில் வசதியான ஓரிரு வீடுகளும் இதில் பயன்பெறும் என்பது உண்மை. தகுதியான ஒருவரை விட்டுவிடுவதைவிட அது சிறிய தவறு.

பன்னிரண்டு தவணை என்ற கோரிக்கையை எதிர்ப்பவர்களின் வாதமும் பலமானது. 7,500 வீதம் பத்துத் தவணைக்கு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 75,000. பன்னிரண்டு என்றால் 90,000. செலவு ஐந்தில் ஒரு பங்கு கூடும். அதே பணத்தில் பத்துத் தவணையை 9,000 ஆக்கலாமே என்று கேட்டால் சட்டென்று மறுக்க முடியாது. இருக்கும் 75,000ஐப் பன்னிரண்டாகப் பிரித்தால் மாதம் 6,250தான் வரும். அது மாணவருக்கு நன்மை இல்லை. 7,500 என்பதே நாளுக்கு 250 ரூபாய், மூன்று வேளைச் சாப்பாட்டைத் தாங்காது. அதைக் குறைத்து நீட்டுவது பசியைப் பங்கிடுவதாகத்தான் முடியும்.

ஆனால் ஒரு ரூபாய்கூடக் கூட்டாமல் செய்யக்கூடிய மாற்றம் ஒன்று இருக்கிறது. முதலாம் ஆண்டின் பத்துத் தவணையில் மூன்றைப் பதிவு நாளிலேயே சேர்த்துக் கொடுத்துவிடலாம். 22,500 ரூபாய். போடிங் முற்பணம், பஸ் காசு, மெத்தை, முதல் மாதச் சாப்பாடு அதில் அடங்கும், தோடு அடகுக்குப் போகாது. இதற்குத் தெரிவுப் பட்டியல் பதிவுக்கு முன்பே தயாராக வேண்டும். அனுமதிக்கான விண்ணப்பத்தையும் உதவிக்கான விண்ணப்பத்தையும் ஒன்றாக வாங்கினால் அது முடியும். இரண்டையும் கையாள்வது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுதான். அப்படிக் கொடுத்தபின் ஒரு பிள்ளை படிப்பை விட்டுப் போனால் பணம் வீணாகுமே என்ற அச்சம் இருக்கலாம். காசில்லாததால் படிப்பை விடும் பிள்ளைகளால் நாட்டுக்கு ஏற்படும் இழப்பு அதைவிடப் பெரிது.

வேலைநிறுத்தக் காலத்துக்கும் ஒரு விதி தேவை. 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியரின் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. பல்கலைக்கழகங்கள் முடங்கின. வரவுச் சான்று எழுத ஆளில்லாவிட்டால் தவணையும் முடங்கும். மாணவர் தவறு செய்யாத மாதங்களில் வரவு நிபந்தனை தானாகத் தளர வேண்டும்.

விடுமுறைத் தவணை இரண்டையும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க நிதி இல்லையென்றால், படிப்பு நடக்கிறது என்று காட்டக்கூடிய மாதங்களில் தொடங்கலாம். தொழிற்பயிற்சியில் இருப்போர், பல்கலைக்கழகமே நடத்தும் ஆங்கில, கணினி வகுப்பில் சேர்ந்தோர், இறுதியாண்டு ஆய்வுக்காகத் தங்கியிருப்போர் ஆகியோருக்கு முதலில். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தன் விடுமுறை மாதங்களில், எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் ஊவாவைச் சேர்ந்த மாணவருக்காக ஆங்கில வகுப்பு நடத்தினால், யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பஸ்ஸேறிப் போய்வரலாம். கட்டடம் இருக்கிறது, விரிவுரையாளர் இருக்கிறார்கள், மாணவரும் இருக்கிறார்கள். மகாபொல நிதியம் அந்த இரண்டு தவணையை இந்த வகுப்பின் வரவோடு இணைத்தால், 80 சதவீத நிபந்தனையை யாரும் குறைசொல்லப் போவதில்லை. ஆசிரிய உதவியாளரும் திறந்த பல்கலைக்கழக மாணவரும் இதே வகுப்புக்கு வரலாம். அவர்களின் பயணச் செலவைப் பெருந்தோட்டத் துறைக்குப் பொறுப்பான அமைச்சு ஏற்க வேண்டும். இந்த மாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. நிதியத்தின் அறங்காவலர் சபையும் மானியங்கள் ஆணைக்குழுவும் ஒரு மேசையில் அமர்ந்து, அடுத்த கல்வியாண்டின் பதிவு தொடங்குமுன் முடிவெடுத்தால் போதும்.